மூன்றாவது சீசனுக்கான மண் பலகை

இன்று காலை கூடைப்பந்துக் கோர்ட் கேட்டைத் தாண்டும்போதே ஈரப் பீங்கான் மண்ணின் வாசனை வந்துவிட்டது. கூடைக் கம்பத்துக்குக் கீழே பெஞ்சு போட்டு, மண் பலகைகளை வரிசையாக வைத்து, ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள். போன வருஷம் இதேபோல் ஓர் ஆடி மாதக் காலையில்தான் நீ கடைசியாக இந்தக் கோர்ட்டில் நின்றாய். இன்று வரிசையின் ஓரத்தில் இருந்த பலகை எனக்கு. கோச்சின் பலகை. உன்னை எழுப்பிவிட்ட நாற்காலியில் என்னை உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் உனக்குத் துரோகம், உட்காராவிட்டால் நீ சேர்த்த அணிக்குத் துரோகம். இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பெரிய முதலாளி இந்த அணியை ஆரம்பித்தபோது அவரிடம் இருந்தது ஒரு சூளையும், பீங்கான் ஃபியூஸ் செய்யும் ஒரு கூடமும்தான். சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்தார், ஆனால் காகித ஒப்பந்தத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சீசனுக்கு எடுத்த ஒவ்வொருவனும் பந்து போடும் கையை ஈர மண்ணில் பதிக்க வேண்டும். கோச்சும் பதிக்க வேண்டும். அதைச் சுட்டுக் கோர்ட்டுச் சுவரில் வைத்துக் கட்டிவிடுவார். கை சுவருக்குப் போய்விட்டால் அந்த சீசன் முடியும்வரை ஆள் ஓடவும் கூடாது, ஆளைத் துரத்தவும் கூடாது. அவர் இருந்தவரை அந்த வாக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

முதன்முதலில் சுட்டு வந்த பலகையில் என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. வேறு எவனுடைய கையையோ என் பெயரில் வைத்துவிட்டார்கள் என்று கூடத்துக்கே சண்டைக்குக் கிளம்பினேன். நீ சட்டையைப் பிடித்து இழுத்தாய். “சூளைக்குப் போயிட்டு வந்தா எல்லாரு கையும் கொஞ்சம் சின்னதாதான்டா ஆவும்” என்றாய். பீங்கான் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, மண் சுருங்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆட்டத்தில் நீ கார்டு, நான் ஃபார்வர்டு. என் கண் எங்கே போகிறது என்று பார்க்காமலே பந்தை அங்கே அனுப்புவாய். பிறகு நீ கோச் ஆனாய், நான் உன் பக்கத்தில் உதவிக் கோச்சாக உட்கார்ந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் போனார், மகன் வந்தார். லீக்கில் கடைசி இடத்தில் முடிந்த வருஷம் அது. பீங்கான் ஊரில் நமக்குப் பேப்பர் கப்பில் டீ கொடுத்துவிட்டு, ‘ரீபில்டிங்’ என்று ஒரு வார்த்தையை மேஜைமேல் வைத்தார். மூத்த ஆட்களை எல்லாம் அனுப்பிவிட வேண்டுமாம். புது ஆட்களை எடுத்து மூன்று சீசனில் அணியைத் திரும்பக் கட்ட வேண்டுமாம். மூன்று சீசனும் நீதான் கோச், தோற்றாலும் கேட்கமாட்டேன் என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை வரவில்லை. நீ மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்க பஸ்ஸில்தான் குடித்தனம். ஸ்ரீமுஷ்ணத்தில் சந்நிதித் தெருவில் ஒருவன், நம் மாவட்டத்து மங்களூர் பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் ஒருவன். சேத்தியாத்தோப்பில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த கலியமூர்த்தியைப் பார்த்ததும் நீ என் தொடையில் கிள்ளினாய். பந்தையே பிடிக்கத் தெரியாத பனைமரம் என்றேன். காலைப் பார் என்றாய். அவன் அம்மா நடவு வேலையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து நின்றார். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை, பந்தாட்டத்தை நம்பி அனுப்பலாமா என்று கேட்டார். “மூணு சீசனுங்க. நான் கூடவே இருக்கேன்” என்றாய். அந்த அம்மா முதலாளி மகனை நம்பவில்லை, லீக்கை நம்பவில்லை. உன்னை நம்பித்தான் அனுப்பினார்.

முதல் சீசனில் அடி மேல் அடி. கலியமூர்த்தி மூன்றாவது குவார்ட்டருக்குள் ஃபவுல் வாங்கி வெளியே வந்துவிடுவான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்கு இடது கை என்று ஒன்று இருப்பதே தெரியாது. கோர்ட்டைச் சுற்றி நின்றவர்களிடமிருந்து வந்த வசவையெல்லாம் நீ மோர் குடிக்கிற மாதிரி குடித்தாய். “இந்த வருஷம் தோக்கத்தான்டா ஆடுறோம். மூணாவது வருஷம் பாரு” என்றாய்.

பிறகு அந்த ஆடிக் காலை. பையன்களை நிற்க வைத்து, விரலை விரித்து வை, முழங்கையை ஆட்டாதே என்று ஒவ்வொருவனுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய். கடைசியில் உன் முறை. பெஞ்சில் எனக்கு ஒரு பலகை இருந்தது, உனக்கு இல்லை. கூடத்தில் மண் பிசைகிற அஞ்சலை அக்காவிடம் எண்ணிக்கை தப்பிவிட்டதா என்று கேட்டாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “உங்களுக்குப் போடச் சொல்லலைங்களே சார்” என்றார். முதலாளி மகன் தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஆளை வேலையைவிட்டு அனுப்புவதற்கு ஒரு வார்த்தை செலவழிக்காத மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் புரிந்திருக்கும். ஆனால் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் இல்லையா? நீ சிரித்தாய். “பரவால்லக்கா, அப்புறம் பண்ணிக்கலாம்” என்று சொல்லி, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாய். நான் கை பதிக்காமல் உன் பின்னாலேயே வந்தேன். ஜங்ஷன் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து அவரை நான் திட்டாத திட்டு இல்லை. நீ டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்கு நீ ஒரு கத்துக் கத்தியிருந்தால் இன்றைக்கு என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு சென்னையிலிருந்து ஒரு கோச் வந்தார். கேலரி கட்ட இடம் வேண்டும் என்று பழைய சுவரை இடித்தார்கள். அதிலிருந்த கைகள் உடைசலோடு உடைசலாக வண்டியில் ஏறி, கோர்ட்டுக்கு வரும் மண்பாதையின் பள்ளங்களை நிரப்பப் போயின. ஆடியவர்கள், செத்தவர்கள், பெரிய முதலாளியே ஆசைக்குப் பதித்த கை, எல்லாம் அங்கேதான். மழை பெய்தால் சில இடத்தில் விரல் நுனி தெரிகிறது. நீ எந்தப் பள்ளத்தில் இருக்கிறாய், நான் எந்தப் பள்ளத்தில் இருக்கிறேன் என்று தெரியாது. தினமும் இனி அதை மிதித்துக்கொண்டுதான் வரவேண்டும்.

பங்குனி வெயிலில் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாப்பில் நீ சரிந்து விழுந்ததாகப் போன் வந்தது. அங்கே உனக்கு என்ன வேலை என்று அப்போது புரியவில்லை. பிறகு கலியமூர்த்திதான் சொன்னான். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வாலிபால் மேட்ச், அங்கே உயரமாக ஒருவன் ஆடுகிறான், கலியமூர்த்திக்கு மாற்று ஆள் வேண்டுமே என்று பார்க்கப் போனாயாம். யாருக்காகடா ஆள் தேடினாய்? உனக்கு ஒரு பிடி மண் ஒதுக்காதவனுடைய அணிக்கா? இந்தக் கேள்வியை உன் பிணத்தின் முன்னாலும் கேட்டேன். அழுகையில் யாருக்கும் காதில் விழவில்லை.

சென்னைக் கோச் வேறு அணிக்குப் போய்விட்டார். போன வாரம் முதலாளி மகன், நான் இப்போது வேலை பார்க்கும் நம் மச்சானின் எலக்ட்ரிக்கல் கடைக்கே வந்து, கல்லா முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். “உங்க ஃப்ரெண்டு அஸ்திவாரம் போட்டுட்டுப் போனாரு, நாங்க மேல கட்டிட்டோம். இனிமே பலன் எடுக்கிற நேரம், நீங்க வரணும்” என்றார். மேலே கட்டியது ஒரு கேலரியும் ஓர் ஏசி ரூமும். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கலியமூர்த்தி என் வூட்டுக்கு வந்தான். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, தரையில் உட்கார்ந்தான். “அண்ணே, நீங்க வந்தா இருக்கேன். இல்லன்னா கோயமுத்தூர்ல கூப்புடுறாங்க, போயிடுறேன். கோவிச்சுக்காதீங்க” என்றான். அவன் போனால் மற்ற இருவரும் போவார்கள். அவ்வளவுதான், நீ பஸ்ஸில் அலைந்த அலைச்சல் எல்லாம் தண்ணியில் போட்டதுதான்.

அதனால் பயிற்சியைப் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். கலியமூர்த்தி இப்போது பொய்யாகத் தூக்கிக் காட்டும் பந்துக்குக் குதிப்பதில்லை. காலை ஊன்றி நின்று, வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டை மாங்காய் பறிப்பதுபோல் எடுக்கிறான். ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் கூடைவரை ஓடி இடது கையால் லே-அப் போடுகிறான். மங்களூர்க்காரனை மூலையில் தனியாக விட்டால் தீர்ந்தது, அங்கிருந்தே கூடையில் போட்டுவிடுகிறான். குறை இல்லாமல் இல்லை. பெஞ்சில் ஆள் கம்மி, ஃப்ரீ த்ரோ படுமோசம், கலியமூர்த்திக்குக் கணுக்கால் பிசகினால் கதை முடிந்தது. நீ அன்று பார்க்கப் போன அந்த உயரமான பையன் இருந்திருந்தால் அந்தக் கவலையும் இருந்திருக்காது. ஆனாலும் சொல்கிறேன், இந்த வருஷம் நாம் ஜெயிப்போம். நீ சொன்ன மூன்றாவது வருஷம், நீ சொன்னபடியே வந்து நிற்கிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தோற்கிற அணியாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகக் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். நேற்று முன்தினம் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, வரும் சீசன் எப்படி இருக்கும் என்று கேட்டார். கோப்பை நமக்குத்தான் என்றேன். இந்த ஆட்களைத் தேடிப் பிடித்தது யார் என்பதையும் எழுதுங்கள் என்று உன் பெயரை இரண்டு தடவை சொன்னேன். நேற்றைய பேப்பரில் நான் சொன்ன முதல் வரி மட்டும் வந்திருந்தது. பக்கத்தில் முதலாளி மகனின் போட்டோ.

அந்தப் பேப்பரைப் படித்த வயிற்றெரிச்சலோடுதான் இன்று காலை போய் நின்றேன். அஞ்சலை அக்கா துணியை விலக்கினார். பையன்கள் ஒவ்வொருவராகப் பதித்தார்கள். கலியமூர்த்தியின் விரல்கள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் என் முறை. முதலாளி மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க நின்றார். வைத்தேன் என்று சொல்லக் கூடாது, அழுத்தினேன். போன வருஷம் நீ கத்தாததையெல்லாம் சேர்த்து அழுத்தினேன். மண் விலகி, அடியில் இருந்த பெஞ்சு மரம் விரலில் தட்டியது.

அஞ்சலை அக்கா குனிந்து பார்த்தார். “அடிவரைக்கும் பிச்சிக்கிச்சுங்க சார். இது சூளையில நிக்காது, வெடிச்சுரும். வேற ஒண்ணு போட்டுத் தரட்டுங்களா?”

எனக்குச் சொல்ல என்னென்னவோ இருந்தது. முதலாளி மகன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். பையன்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் உன் பேச்சுதான் வந்தது, உன் சிரிப்போடு.

“பரவால்லக்கா, அப்புறம் பண்ணிக்கலாம்.”

அக்கா சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பலகை காய்ந்துவிடாதபடி அதன்மேல் மட்டும் ஈரத்துணியை இழுத்து மூடினார். கையிலிருந்த மண்ணைக் கழுவாமலே நான் விசிலை ஊதி, பையன்களை ஓடச் சொன்னேன்.