இரண்டு ஊரும் கைவிட்ட வேட்பாளர்

அன்பு மகள் ரவ்நீத்துக்கு,

வாஹேகுருவின் கருணையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடல் கடந்த ஆபட்ஸ்ஃபோர்டின் ஓயாத மழையிலும் உன் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கோதுமை கதிர் விட்டுவிட்டது, எருமை ஈன்றிருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

மாகாணத் தேர்தலில் யாரை நிறுத்துவது என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதால் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. ஜலந்தர் கோர்ட்டில் வாதாடியவள், அங்கே பழம் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டே சட்டப் பரீட்சையை மறுபடி எழுதி, தோட்டக் கூலிகளுக்காக வழக்காடி இந்த இடத்துக்கு வந்திருக்கிறாய். ஊர்ப் பெயரைச் சொல்லி யாரிடமும் ஓட்டுக் கேட்காதீர்கள் என்றாய். ஆனால் உன்னை எதிர்த்து நிற்கும் சுக்பாலின் மாமா இங்கே வீடு வீடாக ஏறி, அவனுக்கே ஓட்டுப் போடச் சொல்லி, அங்கிருக்கும் பிள்ளைகளுக்குத் தகப்பன்மாரைப் போன் போட வைக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நம் ஊர் கர்னைல் வீட்டுக்குப் போனேன். அங்கிருக்கும் அவருடைய சின்ன மகனை நாடு கடத்தவிடாமல் தடுத்தவள் நீதானே. கட்டிலில் உட்கார வைத்து லஸ்ஸி கொடுத்துவிட்டு, "அண்ணே, வக்கீலம்மா கெட்டிக்காரிதான், யார் இல்லேன்னா? ஆனா கட்டிக்குடுத்த பொண்ணு புகுந்த ஊருக்குத்தானே சொந்தம். சுக்பால் நம்ம ஊர்ப் பையன். நீங்க அவ மாமனார் ஊர்ல கேளுங்க" என்றார்.

வெட்கத்தை விட்டு அங்கேயும் பஸ் ஏறினேன். உன் பழைய மாமனார் பியாரா சிங் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை, டீயில் கூடுதல் சர்க்கரை போடச் சொன்னார். அதன்பிறகுதான், "எம் பையன வேணாம்னு கோர்ட்ல எழுதிக் குடுத்தப்பவே எங்க ஊரையும் வேணாம்னுட்டாளே. இப்ப அவ உங்க ஊருதான் சர்தார்ஜி" என்றார். அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது அம்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "ஆம்பளைங்க கிட்டயே போய்க் கேளுங்க. அங்க இருக்கற மருமகளுங்களுக்கும் ஓட்டு இருக்குல்ல? அவளுங்களுக்கு மட்டும் எது ஊராம்?" என்றாள். நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தியின் நம்பர்கூட எங்களிடம் இல்லை. கேட்டால் வீட்டு ஆண்களின் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை மகளே. என் பேச்சு இந்தத் தெருமுனை வரைக்கும்கூடச் செல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக்கு முன்னால் மண்டபத்தில் நீ பேசும்போது, நீ எந்த ஊர் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். எங்கள் ஊரைச் சொல்லாதே, அவர்கள் ஊரையும் சொல்லாதே. ஆபட்ஸ்ஃபோர்ட் என்று சொல். பின்வரிசையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்துச் சொல்.

குருவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு போகாதே, முடிவு எதுவானாலும் எங்களை எழுப்பிச் சொல்.

உன் அப்பா,
நிரஞ்சன் சிங்