பாவு சுருட்டிய பிறகு மணி

என் கண்ணான அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கக் கூடாதாம். நான் கேட்கிறேன். ஆரணியில் பனி இறங்கிவிட்டது. விடியலில் பள்ளிக்கு நடக்கும்போது, நெசவுக்காகத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிய பட்டு நூல் பாவுக்கு அந்தப் பக்கம் நீயும் கூடவே வருவதுபோல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால், அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கும் நெசவுக்கார வீட்டுப் பெண்கள்.

நீ கண்மூடிய பிறகு உன் தலைமையாசிரியைப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்களில் சிலர் நம் ஆசிரியைப் பயிற்சி வகுப்பில் படிக்கிறவர்கள். பாவு வேலையை முடித்து ஓடிவருவதற்குள் மணி அடித்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். இப்படியானால் படிப்பை நிறுத்திவிடுவோம் என்கிறார்கள் வீட்டார். அவர்கள் நின்றால், நீ மன்றாடி வாங்கிய வகுப்பே மூடப்படும்.

மணியைத் தள்ளிவைக்கலாமா என்று ஆசிரியைகளைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. நீ இருந்தால் ஒரு நிமிஷம்கூட நகர்த்த விடமாட்டாய், தன்னிடமே சொல்லியிருக்கிறாய் என்றார் கணக்கு ஆசிரியை மரியம்மாள். பாவு சுருட்டிய பிறகு அடிக்கலாம் என்று நீ தன்னிடம் சொன்னதாகச் சத்தியம் செய்தாள் தையல் சொல்லித்தரும் ரூத். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது. ஏன் அக்கா, வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிவிட்டா போய்ச் சேர்ந்தாய்? உனக்கும் இப்படிப் பயமாகத்தான் இருந்ததா?

எல்லாரும் உன் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தூரத்தில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா இன்னா சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. பாவு சுருட்டினப்புறம் மணி அடிக்கட்டும். இது நான் சொல்றது. தப்பாப் போனா என்னைக் கேளுங்க."

மரியம்மாள் விருட்டென்று எழுந்து போனார். வேலையையே விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். மறுநாள் காலை வாசலில் அவர்தான் நின்றார், ஓடிவந்த பெண்களை அதட்டிக்கொண்டு.

"ஜல்தியா உள்ள போங்கடி. இனிமே பாவு மேல பழி போட முடியாது."

எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகு, முதல்முறையாக உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் தரையை எட்டவில்லை. சின்னப் பிள்ளைபோல் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தேன். அழுகையும் வந்தது.

இனி உன்னைச் சாட்சிக்கு இழுக்கமாட்டேன், அக்கா. வேறு யாரையும் இழுக்க விடவும் மாட்டேன். நீ விடியலில் பாவுக்கு அந்தப் பக்கம் சும்மா வா. ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்போம்.

கால் எட்டாவிட்டாலும் எழுந்திருக்காத
உன் தங்கை