பேனாவுக்கு வாய் கிடையாது

3.3.97 திங்கள்
காலையிலேயே வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டாயிற்று.
பேத்தி ரேவதியின் பள்ளிக்கூடத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். மகள் சரோஜாவோடு போனேன். தமிழ் டீச்சர் கட்டுரைத் தாளைக் காட்டினார். தலைப்பு, ‘பேனா தன் வரலாறு கூறுதல்’. கீழே ரேவதி எழுதியது ஒரே வரி: பேனாவுக்கு வாய் கிடையாது.
“கணக்குல நூத்துக்கு நூறுங்கம்மா. கட்டுரைப் பக்கம் மட்டும் எப்பவும் காலிங்க. முழுப்பரீட்சையிலயும் இப்படின்னா ஆறாவதுக்கு அனுப்ப முடியாது, வேற எடம் பாத்துக்கட்டும்னு பெரிய டீச்சர் சொல்லீட்டாங்க.”
வரும் வழியில் சரோஜா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். போன வருசம் டாக்டர் ஆட்டிசம் என்று பேர் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் வந்தாள்.
நான் ஐந்தாவதோடு நின்றவள். இவள் அங்கே நிற்கக் கூடாது.

6.3 வியாழன்
நோட்ஸ் புத்தகம் வாங்கி வந்தேன். பேனா கட்டுரையை மனப்பாடம் செய்யச் சொன்னேன். ஒரே சாயங்காலம், முடித்துவிட்டாள்! யாருக்கு வரும் இந்த மூளை? பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டு ருக்குமணியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.
கணீரென்று ஒப்பித்தாள். “இவ்வாறு பேனா தன் கதையைக் கூறி முடித்தது. பக்கம் நாற்பத்து மூன்று. பயிற்சி வினாக்கள். கோடிட்ட இடங்களை நிரப்புக.” நிறுத்தவே இல்லை. அடுத்த பாடம் வரை போனாள்.
“ஏனுங்க்கா, டேப்பு ரிக்கார்டு எப்ப வாங்குனீங்க?” என்று ருக்குமணிக்கு ஒரே சிரிப்பு. வாசலில் போய், “எல்லாம் நெனப்பிருக்குது புள்ளைக்கு. மனுசங்கதான் கண்ணுக்குத் தெரியறதில்ல, பாவம்.”
அவளுக்குக் கொடுத்த காப்பி தண்டம்.
ஆனால் தப்பு என்மேல். அடுத்தவர் பேச்சை வாயில் திணித்தேன்.

11.3 செவ்வாய்
முட்டுவலி. தைலம் தீர்ந்தது.
நான் ஊருக்குப் போனபின் சரோஜாவுக்கு உதவும் என்று எழுதுகிறேன். நானே பட்டுத் தெரிந்துகொண்டது.
குக்கர் வைக்குமுன் ரேவதியிடம் சொல்லணும். மில் சங்கு அதைவிடச் சத்தம், ஆனால் நேரத்துக்கு ஊதும், பயமில்லை.
சட்டைக் கழுத்தில் தைத்த கம்பெனிப் பேர்த் துணியை வெட்டிவிடணும். நூல் முனைகூட விடக் கூடாது.
விருந்தாள் வந்தால் முந்தின நாளே சொல்லணும். எப்போது போவார்கள் என்பதையும்.
ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பிறகு மனசுக்குள் இருபது எண்ணணும். பதினெட்டில் பதில் வரும். பத்தில் நாம் வாயைத் திறந்தால் கெட்டது.
கண்ணைப் பார்த்துப் பேசு என்று அதட்டக் கூடாது. சுவரைப் பார்த்தால்தான் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது.
தயிர் தனிக் கிண்ணத்தில்.

14.3 வெள்ளி
எழுதிய யோசனை எனக்கே உதவியது. பித்தளைச் சொம்பை முன்னால் வைத்துக் கேட்டேன். “இது என்ன சொல்லும், கண்ணு?” இருபது எண்ணினேன்.
“சொம்பு சொல்லாது அம்மிச்சி.”
“சரி, சொல்லாது. நீ என்ன பாத்தே?”
அவ்வளவுதான். அரைமணி நேரம்! நெளிசல் எந்தப் பக்கம், தண்ணீர் நிறைய நிறையச் சத்தம் எப்படி மேலே ஏறுகிறது, காலையில் தொட்டால் எப்படி, வெயிலில் எப்படி. சொன்னதையே எழுதச் சொன்னேன். இரண்டு பக்கம்.
“இது கட்டுரையா?”
“கட்டுரைதான் அம்மணி.”
எனக்கென்ன தெரியும். தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

2.4 புதன்
தினம் ஒரு சாமான். விளக்குமாறு, பூட்டு, என் செருப்பு. செருப்புக்கு மூன்று பக்கம்.
சரோஜாவுக்குப் பயம் விடவில்லை. “அம்மா, கேள்வித்தாள்ல ‘தன் வரலாறு’ன்னுதானே கேப்பாங்க? இவ பாத்ததை எழுதி, தப்புன்னு அடிச்சுப்போட்டா?”
“காலிப் பக்கத்துக்கு இது மேல்.”
சொன்னேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை.

16.4 புதன்
தமிழ்ப் பரீட்சை. ஒரே புழுக்கம். மாவு புளித்துவிட்டது.
“என்ன கண்ணு வந்துது?”
“குடை தன் வரலாறு கூறுதல்.”
“எழுதுனியா?”
பத்தொன்பதில் பதில். “எழுதினேன்.”
“என்னன்னு?”
“பரீட்சையில எழுதினதை வெளியில சொல்லக் கூடாது. சுவத்துல போட்டிருக்கு.”
சரோஜா தலையில் கை வைத்தாள்.

21.4 திங்கள்
டீச்சர் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சரோஜா வேலைக்குப் போயிருந்தாள், நான் மட்டும்.
“உக்காருங்கம்மா. கேட்டது ஒண்ணு, எழுதுனது ஒண்ணுங்க. குடை ஒரு வார்த்தைகூடப் பேசல. பத்துக்கு அஞ்சுதான் போட முடிஞ்சுது.” மூக்கை உறிஞ்சினார். ஜலதோசமோ என்னவோ. “பெரிய டீச்சர்கிட்ட நானே எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டுனேனுங்க. ஆறாவதுக்குப் போகட்டும்னுட்டாங்க.”
தாளைத் தர விதி இல்லையாம். கடைசிப் பத்தியை அங்கேயே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொண்டேன்:
‘மழை வந்தால் நானும் அம்மிச்சியும் ஒரே குடையில் வருவோம். யாராவது என்னை இடித்தால் எனக்குப் பிடிக்காது. அதனால் அம்மிச்சி தள்ளி நடப்பார். குடையை என் பக்கம் பிடிப்பார். வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். அம்மிச்சிக்கு ஒரு தோள் நனைந்திருந்தது, ஒரு தோள் காய்ந்திருந்தது. எனக்கு இரண்டு தோளும் காய்ந்திருந்தன.’