கூட யார் இருக்காங்க?

அன்புள்ள நண்பருக்கு,

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் காபியைக் கையில் எடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. கார் வைத்திருப்பவர்களுக்காக நீங்கள் தொடங்கி, ஊரை விட்டுப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன வாட்ஸ்அப் குழு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தார்: "வண்டியில விளக்கு மாதிரி ஒரு சிவப்புப் படம் எரியுது. அப்படியே ஓட்டலாமா?"

பதில்கள் வந்து விழுந்தன. "தேய்ச்சுப் பாருங்க, பூதம் வரும்." "வண்டியோட ஒரு புத்தகம் குடுத்தாங்கல்ல மேடம், அதைப் படிங்க." ஒருவர் என்னிடமே, "இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் தடை போடுங்க சார், தாங்கல" என்றார். எனக்கும்தான் தாங்கவில்லை. போன வாரமும் இதே விளக்கு. கேள்வியை நீக்கிவிடலாம் என்று விரல் போனது. உங்கள் நினைவு வந்து நின்றது.

நீங்கள் ஒன்றும் சாந்த சொரூபி அல்ல. வங்கியில் ஓய்வு பெற்றபின் சொந்தக் காரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி எல்லாம் கற்றுக்கொண்டவர். கேள்வி வந்ததும் கைப்பேசியைப் பார்த்தே திட்டுவீர்கள். "டயருக்குக் காத்து எங்க அடிக்கணும்னு கேக்கறார் வாத்தியாரே! மூக்குலயா அடிப்பாங்க?" திட்டி முடித்த கையோடு நிதானமாகத் தட்டுவீர்கள்: "வணக்கம்ங்க. வண்டி இப்ப எங்க நிக்குது? கூட யார் இருக்காங்க?" யார் என்ன கேட்டாலும் உங்கள் முதல் பதில் இதுதான்.

ஒருமுறை, எஞ்சின் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது என்று ஒருவர் எழுதினார். ஆளாளுக்கு ரேடியேட்டர் பாடம் எடுத்தார்கள். நீங்கள் கேட்ட பிறகுதான் தெரிந்தது, காவிரிப் பாலத்தில் வயதான அம்மாவோடு நிற்கிறார், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போகிறார் என்று. அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி, போனில் கத்தினீர்கள்: "மூடியில கை வைக்காதீங்க! கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்கும். அம்மாவை ஆட்டோவுல ஏத்தி அனுப்புங்க, வண்டி ஆறட்டும்."

ஒரே பதிலை எழுதி வைத்து ஒட்டிவிடலாமே என்றேன். "கேள்வி அதேதான் வாத்தியாரே. வண்டிக்குள்ள இருக்கறவங்க வேற ஆளு" என்றீர்கள். நான் கணக்குச் சொல்லித்தரும் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் பின்னத்தில் மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டத்தான் செய்வார்கள். போன வருடமே சொன்னேனே என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? வகுப்பறையில் கண்ணெதிரே இருக்கும் பிள்ளைகளிடம் பொறுமை எளிது. முகமே தெரியாதவர்களிடம் அப்படி இருந்தவர் நீங்கள்.

அந்தப் பெண்ணிடம் எங்கே நிற்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "புத்தூர்ல சார். ஆஸ்பத்திரியிலேருந்து மாமியாரைக் கூட்டிக்கிட்டு லால்குடி போகணும். எல்லாரும் சிரிச்சாங்களா, சரி, எஞ்சின் ஓடிக்கிட்டுதானே இருக்கு, போயிடலாம்னு இருந்தேன்."

அது எஞ்சின் ஆயிலுக்கான விளக்கு. அப்படியே ஓட்டியிருந்தால் நோயாளியோடு நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றிருக்கும். "முதல்ல எஞ்சினை நிறுத்துங்கம்மா" என்று எழுதினேன். நிறுத்தினார். சற்று ஆறியதும் ஆயில் அளவைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த கேள்வி வந்தது: "சார், தப்பா நெனைக்காதீங்க. பானெட்டை எப்படித் திறக்கறது?"

குழுவில் மறுபடி சிரிப்பு தொடங்கியது. நான் எழுதத் தொடங்கினேன்: "ஸ்டீயரிங்குக்குக் கீழ, உங்க வலது முழங்கால் பக்கமா கையை விட்டுப் பாருங்கம்மா. சின்னதா ஒரு பிடி தட்டுப்படும். அவசரமில்ல, மெதுவாத் தேடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."