கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்தேன்

அக்டோபர் 12, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. காஜா பேராங்கில் இருக்கும் என் கடையில் தையல் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஒரு நாளாவது ஓயட்டும் என்று கம்ப்யூட்டர் சுவிட்சையும் அடைத்துப் பொட்டு வைத்தேன். இன்று காலை அது எழுந்திருக்கவில்லை.

ரிப்பேர் பார்க்கும் ரவி புக்கிட் பாருவிலிருந்து வந்தான்.

"அக்கா, இத அடைக்காதீங்கன்னு போன தடவ வந்தப்பவே சொன்னேன்ல? ரொம்பப் பழசுலா. புதுசு வாங்கி எல்லாத்தையும் மாத்திக்கங்கன்னும் சொன்னேன்."

சொன்னான்தான். "என் புருஷனும்தான் பழசு, மாத்திட்டேனா?" என்று அன்று கேலி செய்து அனுப்பிவிட்டேன்.

இன்று அவன் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிறத எடுக்க முடியுமான்னு பாக்குறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

உள்ளே இருப்பது கடைக்கு வரும் அத்தனை பெண்களின் ரவிக்கை அளவு. தீபாவளித் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. பழகியவர்கள் யாரும் அளவு கொடுக்க நிற்பதில்லை, துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் செங்கிலிருந்து மல்லிகாவும் அப்படித்தான் வந்தாள்.

"போன வருஷ அளவுதான் அக்கா. நான் குண்டாகல."

"அத அளவு நாடா சொல்லணும்டி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே காரில் ஏறிவிட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படுத்தும் தூக்கம் இல்லை. வெட்கத்தை விட்டு, எல்லாரையும் மறுபடி அளவெடுக்கக் கூப்பிட்டுவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அவர்கள் போன் நம்பரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.