ஊற்றாத எதிர்ப்பொருள்

ஸோயா,

அன்புள்ள என்று எழுத வரவில்லை.

நோயைக் கண்டறிய நம் கம்பெனி விற்கும் எதிர்ப்பொருள், அந்த ஆன்டிபாடி, புற்றுநோய்ப் புரதத்தில் மட்டும்தான் ஒட்ட வேண்டும். அந்தப் புரதத்தின் செயற்கைத் துண்டான பெப்டைடை முதலிலேயே கலந்துவிட்டால், எதிர்ப்பொருள் அதில் சிக்கிக்கொள்ளும்; சோதனைப் படத்தில் அது ஒட்டியதைக் காட்டும் பட்டை மறைய வேண்டும். என் சோதனையில் மறையவில்லை. அப்படியென்றால் அது வேறெதிலோ ஒட்டுகிறது. நோய் இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும்.

நீ செய்தபோது பட்டை மறைந்தது. "உனக்குக் கை சரியில்லம்மா, ஸோயாகிட்ட கத்துக்கோ" என்றார் மேனேஜர். நீயும் சிரித்தாய்.

நீ மிச்சம் வைத்த கரைசலைச் சோதித்தேன். அதில் எதிர்ப்பொருளே இல்லை; வெறும் பெப்டைடு. ஒட்ட எதுவும் இல்லாததால்தான் உனக்குப் பட்டை வரவில்லை.

ஜூஜுவாடியில் நாம் சேர்ந்து தங்கியிருந்த அறைக்கு வந்து உன்னிடம்தான் முதலில் கேட்டேன்.

"ஆர்டர் போயிடும்னு கத்துறாங்கடி, என்ன பண்ணச் சொல்ற? பெரிய அரிச்சந்திரன் பேத்தி!"

மறுநாள் காலையில் நான் வாய் திறப்பதற்குள், நான் மாதிரிகளை மாற்றி வைத்ததாக நீ மேனேஜரிடம் சொல்லியிருந்தாய். வாட்ச்மேன் என்னை கேட் வரை கொண்டுவந்து விட்டார்.

அந்த எதிர்ப்பொருளை வாங்கப்போகும் ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உன் பெயர் வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் எழுதினேன்.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்