முதல் சீட்டு உன்னுடையது

மலையிறங்காமலே போய்விட்ட என் எஸ்தரக்காவுக்கு,

உன்னை அடக்கம் செய்து இன்றோடு நாற்பத்தொரு நாள். பெருமாள்மலையில் மழை இன்னும் விடவில்லை. தோட்டத்து வேலியை உடைத்துக்கொண்டு காட்டுமாடு இரண்டு வந்து, நீ கடைசியாக ஊன்றிய வாழைக்கன்றுகளை மிதித்துப் போட்டுவிட்டன. நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். தகரத்தைத் தட்டி விரட்ட நீ இல்லை.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் உன்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நீ சோதனையை ஜெயித்தவளாம். கீழ்ப்படிதலுக்கு உன்னை விட்டால் இந்தச் சபையில் ஆள் இல்லையாம். உனக்குப் பரலோகத்தில் கிரீடம் காத்திருக்கிறதாம். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து நானும் ஆமென் சொன்னேன். வாய் கூசவில்லை அக்கா. அதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

சோதனை என்று அவர் சொன்னது செல்வத்தை. பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழைப்பழம் வாங்கப் பழனியிலிருந்து வாராவாரம் வேனில் வந்த மனிதரை. அவர் உன்னிடம் அப்படி என்ன கேட்டுவிட்டார்? "கட்டிக்கிட்டாலும் நீங்க ஒங்க சர்ச்சுக்கே போங்க. ஞாயித்துக்கெழம வெள்ளனே நானே கொண்டாந்து விடுறேங்க" என்றுதானே சொன்னார். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தபோது உனக்கு முப்பத்தொரு வயது. அப்பா பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பாஸ்டர் வீட்டுக்கே வந்து, "அந்நிய சம்பந்தம் வேண்டாம்மா, கீழ்ப்படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கோணிய வாயோடு அழுதார். நீ யாரோடும் வாதாடவில்லை. "ஆண்டவர்ட்டயே கேட்டுக்கிறேன்" என்றாய்.

அப்படிக் கேட்கத்தான் புதுவருடக் காலையில் என்னை அனுப்பினாய். ஆராதனை முடிந்ததும் பித்தளைத் தட்டில் வேத வசனம் எழுதிச் சுருட்டி வைத்திருக்கும் வாக்குத்தத்தச் சீட்டுகளில் ஆளுக்கொன்று எடுப்பது நம் சபை வழக்கம். வர முடியாதவருக்கு வீட்டிலிருந்து ஒருவர் எடுக்கலாம். வராதவர் பெயரைச் சொல்லி முதலில் எடுத்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுக்க வேண்டும். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல், நீ நகர முடியவில்லை. "எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா லில்லி. போன்னு வந்தா போறேன். இருன்னு வந்தா இருந்துக்கிறேன். மறுபேச்சு கெடையாது" என்றாய்.

உன் பெயரைச் சொல்லி எடுத்ததை இடது கையில் வைத்துக்கொண்டேன். என்னுடையதை வலது கையில். வரும் வழியில் பேரிக்காய் மரத்தடியில் நின்று இரண்டையும் பிரித்தேன். உன்னுடைய சீட்டு புறப்பட்டுப் போகச் சொன்னது. ஆண்டவர் கூடவே வருவதாகவும் சொன்னது. என்னுடையது, இருக்கிற இடத்தில் பொறுமையாக இருக்கச் சொன்னது.

எனக்கு அப்போதுதான் திண்டுக்கல்லில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. நீ பழனிக்குப் போனால் அப்பாவுக்குப் பீ மூத்திரம் யார் அள்ளுவது? ரொம்ப நேரமெல்லாம் யோசிக்கவில்லை. எந்தப் பாம்பும் வந்து என் காதில் ஓதவில்லை. வீட்டுக்கு வந்தேன். வலது கையை உன்னிடம் நீட்டினேன்.

நீ படித்தாய். திரும்பவும் படித்தாய். "சரி" என்றாய். அடுப்படிக்குப் போய் அப்பாவுக்குக் கஞ்சியை இறக்கிவிட்டு வந்து, "ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாய். போகச் சொல்லி வந்திருக்கிறது என்றேன். "பாத்தியா, ஒன் வேலைக்கு ஆண்டவரே கையெழுத்துப் போட்டுட்டாரு" என்று என் கன்னத்தைத் தட்டினாய்.

அப்பா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் கிடந்தார். நான் லீவுக்கு லீவு கேக் வாங்கிக்கொண்டு வந்தேன், புருஷனோடு, பிள்ளைகளோடு. நீ அதைத் துண்டு போட்டு அப்பாவுக்கு ஊட்டினாய். எத்தனை முறை உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்? ஒரு முறை வாயைத் திறந்திருக்கக் கூடாதா நான்?

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. ஒரு துண்டுக் காகிதத்துக்கு ஏன் அப்படிப் பணிந்தாய்? ஒருநாளாவது முரண்டு பிடித்திருந்தால் நான் உடைந்து சொல்லியிருப்பேன். ஆண்டவர் மேலும் கோபம். உன் சீட்டை என் கையில் கொடுத்தது அவர்தானே. என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

போன வாரம் செல்வம் உன் கல்லறைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கொண்டுவந்த மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"மால போடலாங்களா, ஒங்க வழக்கத்துல?" என்று கேட்டார்.

போடுங்க என்றேன்.

"அந்தச் சீட்ட எங்கிட்ட காட்டுனாங்க. ஆண்டவரு இருக்கச் சொல்லிட்டாருன்னாங்க. சாமி சொன்னதுக்கு மேல நான் என்னத்தங்க பேசுறது? மூணு வருசம் பாத்தேன். பெறகு வீட்ல முடிச்சு வச்சுட்டாங்க."

தன்னுடையதல்லாத ஒரு சாமிக்கு அவரும் கீழ்ப்படிந்திருக்கிறார். அப்போதுகூட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் ஆண்டவர் சித்தங்க" என்றேன்.

நித்திய ஜீவன் உண்டென்றால் இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அங்கே உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? இல்லையென்றால் நான் உன்னிடமிருந்து பிடுங்கியது உனக்கிருந்த ஒரே வாழ்க்கை. உனக்காக அந்த நித்திய ஜீவன் இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். எனக்காக இல்லாமல் போகட்டும் என்றும் ஆசைப்பட்டிருக்கிறேன்.

உன் வேதப்புத்தகத்தில் என் சீட்டு பத்திரமாக இருக்கிறது, மடிப்பில் கஞ்சிக் கறையோடு. உன்னுடையதை நான் எறியவில்லை. இத்தனை வருடமும் என் பர்ஸில்தான் இருந்தது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பழனிக்குப் போகிறேன். உன் சீட்டைச் செல்வத்தின் கையில் கொடுத்து, நடந்ததைச் சொல்வேன். அது அவருக்கு ஆறுதலா, இன்னொரு சாவா, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, சோதனையில் விழுந்தது யார் என்றும் சொல்வேன். இந்த வாக்கை உனக்குத் தருகிறேன். ஆண்டவர் உன்னைப் போகச் சொல்லித்தான் இருந்தார் அக்கா. இருக்கச் சொன்னது நான்.

உன் சீட்டில் மலையிறங்கிப் போன
உன் தங்கச்சி,
லில்லி